பன்றிக்கும் கிளேக்கும் ஒரே துவக்கு: விலை குறைவாக எதை வாங்கலாம்?

வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்கும் லீக்ஸும் போடும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ராத்திரியில் காட்டுப்பன்றி இறங்கி பாத்தி முழுக்கக் கிளறிவிட்டுப் போகிறது. பயிர்ப் பாதுகாப்புக்குத் துவக்கு அனுமதி கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். கிளே (எந்திரம் வானில் வீசும் களிமண் தட்டு) சுடப் பழகவும் ஆசை. விலை கூடிய இத்தாலியப் பெரெட்டா வாங்க வசதியில்லை, இரண்டுக்கும் சரிவரும் வெளிநாட்டுத் துவக்கு எது?"

அனுமதிப்பத்திரம் கைக்கு வருமுன் யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். 1916ஆம் ஆண்டுச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம்தான் இன்றும் நடப்பில் இருக்கிறது, பத்திரத்தை வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும். அந்தப் பத்திரம் பயிரைக் காக்கத்தான், மரையையோ மானையோ சுட அல்ல. அது வரும்வரை பொறுக்க முடியாமல் கம்பிச் சுருக்கோ கட்டுத்துவக்கோ (கம்பியில் விலங்கு இடறினால் தானே வெடிப்பது) வைத்துவிடவும் வேண்டாம். 2020 மே மாதம் நல்லதண்ணியில் மரக்கறித் தோட்டத்துச் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தை சில நாளில் செத்தே போனது. சுருக்குக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது.

சரி, துவக்குக்கு வருவோம். நான் சொல்வது 12 போர் (குழல் விட்டத்தின் அளவு), ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்த இரட்டைக் குழல், 28 அங்குல நீளம், கழற்றி மாற்றக்கூடிய சோக் (சன்னம் சிதறுவதைக் கட்டுப்படுத்தும் குழல்முனை ஒடுக்கம்), எடை 3.2 கிலோவுக்குக் குறையாமல். துருக்கியில் செய்யும் ஹூலு இந்த வகையில் பெரெட்டாவைவிட நல்ல மலிவு. நல்ல நிலையில் பழைய ரஷ்யப் பைக்கால் ஐ.ஸெட்.எச். 27 கிடைத்தால் அதையும் தயங்காமல் பாருங்கள். பார்வைக்கு முரடுதான், ஆனால் குழலின் உட்புறம் குரோம் பூசியது, நம் மலைநாட்டுப் பனிக்கும் ஈரத்துக்கும் அது பெரிய காரியம். பழைய பைக்கால்களில் பலவற்றுக்குச் சோக் மாற்ற முடியாது, அதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எடையை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மலிவாக வரும் துருக்கித் துவக்குகள் பல அலுமினியக் கலவை உடலோடு மூன்று கிலோவுக்கும் கீழே இருக்கும், மேட்டில் தூக்கிக்கொண்டு ஏற அது சுகம், ஆனால் கிளேயில் ஒரு சுற்றுக்கு 25 தட்டு, நாலு சுற்று சுட்டால் தோள் வீங்கி, பிறகு விசையை இழுக்கும்போதே உடம்பு தன்னால் சுருங்கும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் கழற்றுவது மகா கஷ்டம். கிளேக்கு 24 கிராம் தோட்டா போதும், ஒலிம்பிக்கிலும் அதுதான் அளவு.

எடையைவிடவும் முக்கியம், கட்டை (தோளில் வைக்கும் பின்பகுதி) உங்கள் உடம்புக்குப் பொருந்துவது. கண்ணை மூடிக்கொண்டு (வெற்றுத் துவக்கோடுதான்) தோளில் வைத்து, பிறகு கண்ணைத் திறங்கள். குழல் மேல்பட்டை நேராகவும், நுனிமணி நடுவிலும் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டியோ தலையை அமுக்கியோ பார்க்க வேண்டியிருந்தால் அந்தத் துவக்கு உங்களுக்கானதல்ல. கடையில் வருவது பெரும்பாலும் பதினாலரை அங்குலக் கட்டை, நம் ஆட்களில் பலருக்கு அது நீளம். கொஞ்சம் அறுத்துக் குறைக்கலாம், அதனால் நீளம் இருப்பதை வைத்து நல்ல துவக்கை ஒதுக்கிவிடாதீர்கள்.

சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் அரைத் தானியங்கியும் விலை குறைவாக வரும், உதைப்பும் குறைவு. இருந்தாலும் ஒரு குழல், ஒரு சோக், வாயுவால் இயங்குபவற்றில் அடிக்கடி வாயுத் துளை துப்புரவு. மடித்துத் திறந்து வைத்தால் தோட்டா இல்லை என்று எல்லோருக்கும் தெரியும் துவக்கையே நான் புதிதாகப் பழகுகிறவருக்குச் சொல்வேன்.

அப்புறம் தோட்டா. கிளேக்கு ஏழரை எண் என்ற பொடிச் சன்னம், பன்றிக்கு எஸ்.ஜி. என்ற பெரிய சன்னம், இதை மாற்றிப் போடக்கூடாது. ஏழரையால் பன்றி சாகாது, காயத்தோடு தேயிலைக்குள் ஒளிந்துகொள்ளும், காலையில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள்தான் அதன் முன்னால் போய் நிற்பார்கள். எஸ்.ஜி.க்கு அரைச் சோக் போட்டு, 25 மீட்டரில் பெரிய தாளில் சுட்டு எத்தனை சன்னம் எங்கே படுகிறது என்று பாருங்கள், அதற்கு மேல் தூரத்தில் பன்றியைச் சுட நினைக்காதீர்கள். ஏழரைச் சன்னம் போய் விழுவது ஏறக்குறைய 200 மீட்டர், எஸ்.ஜி. 600 மீட்டரையும் தாண்டும். சமதரைக் கணக்கு அது, சரிவில் கீழ்நோக்கிச் சுட்டால் இன்னும் போகும், கீழே லயன் இருக்கும், ரோடு இருக்கும். பன்றிக்குப் பின்னால் மண்மேடு தெரிந்தால் மட்டும் சுடுங்கள்.

பழைய துரை பங்களா துவக்கு மலிவாக இருக்கிறது என்று யாராவது காட்டினால், அதன் தோட்டா அறையை அளக்காமல் தொடாதீர்கள். அந்தக் காலத்து ஆங்கிலேயத் துவக்குகள் பலவற்றின் அறை 65 மி.மீ. இன்று விற்கும் 70 மி.மீ. தோட்டா அதற்குள் போகும், வெடிக்கும்போது தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். குழலில் கயிறு முறுக்கியது போல வரி ஓடியிருந்தால் அது டமாஸ்கஸ் குழல் (இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கி ஒட்டிச் செய்த பழைய குழல்), வேண்டவே வேண்டாம்.