காப்பி முடிந்த பிறகு பிடுங்கியும் பென்டிரைவில் கோப்பு கெடுவது ஏன்?

காப்பி முடிந்ததாகத் திரை காட்டிய பிறகே லினக்ஸில் பென்டிரைவைப் பிடுங்கியிருக்கிறீர்கள். கோப்பு பாதிதான் இருக்கிறது, மறுபடி செருகினால் லினக்ஸ் எஸ்டிபி (sdb) என்று பெயர் வைத்திருந்த டிரைவ் எஸ்டிசி (sdc) ஆகிவிடுகிறது. இரண்டுக்கும் காரணம் இருக்கிறது.

எழுதும் தரவு முதலில் கணினியின் தற்காலிக நினைவகமான ரேமில்தான் போய் உட்காரும். டிரைவுக்குப் போகாமல் இயல்பாக 30 விநாடி வரைகூட அங்கேயே கிடக்கலாம். அந்த நேரத்தில் பிடுங்கினால் கோப்பின் வால் பகுதி போனது போனதுதான்.

சரி, அப்போது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் என்ன செய்யும்? நிலுவையில் உள்ள எழுத்து வேலைகளை எல்லாம் பிழை என்று முடித்துவிடும். ஆனால் மவுன்ட், அதாவது டிரைவை ஒரு கோப்புறையாகக் காட்டும் இணைப்பு, தானாகக் கழன்றுகொள்ளாது. செத்த மவுன்ட் பழைய பெயரைப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் புதுப் பெயர் வருகிறது. முதலில் அதை அன்மவுன்ட் செய்யுங்கள் (இணைப்பைக் கழற்றுங்கள்), அப்புறம் செருகுங்கள்.

நெட்வொர்க் வட்டு வேறு ரகம். வேறு கணினியின் (சர்வரின்) வட்டை நெட்வொர்க் வழியே இணைக்கும் என்எஃப்எஸ் முறை இயல்பாகவே ஹார்ட் மவுன்ட், அதாவது விடாப்பிடி இணைப்பு. தொடர்பு அறுந்தால், சர்வர் திரும்பும் வரை நிரல் பிழை வாங்காமல் அப்படியே காத்துக்கிடக்கும். எரிச்சல்தான், ஆனால் தரவுக்கு அதுவே நல்லது என்பேன்.

இனி எடுக்கும் முன் டெர்மினலில், ரேமில் கிடப்பதை டிரைவில் எழுதவைக்கும் சிங்க் (sync) கட்டளை கொடுத்து, அது முடியும் வரை பொறுங்கள். பெரிய கோப்பு, மெதுவான டிரைவ் என்றால் சில நிமிடங்கள்கூட ஆகும். அதன் பிறகு அன்மவுன்ட் செய்துவிட்டு எடுங்கள்.