ஏர்பேக் உள்ள சீட்டுக்கு உறை போடலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு வாண்டுகள். கார் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை, முன்சீட்டின் முதுகு முழுக்க ஷூ தடம், பின்சீட்டில் ஜூஸ் கறை. எல்லா சீட்டுக்கும் தடிமனான ரெக்சின் உறை போட்டுவிடலாம் என்றால், சீட்டுக்குள் ஏர்பேக் இருக்கிறதே என்று வீட்டில் தடுக்கிறார்கள். கடைக்காரரோ, 'அது உறையைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்' என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: வீட்டில் சொல்வதுதான். முன்கதவைத் திறந்து, சீட் சாய்மானத்தில் கதவை ஒட்டிய ஓரத்தைப் பாருங்கள். 'ஏர்பேக்' என்று அச்சிட்ட சின்னத் துணிப்பட்டை தைத்திருந்தால், பக்கவாட்டு ஏர்பேக் அதற்குள்தான் மடிந்து கிடக்கிறது. பக்கவாட்டில் ஒரு வண்டி மோதும்போது உங்கள் விலாவுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம். அதனால் ஒரு நொடியை நூறாகப் பிரித்தால் அதில் இரண்டு மூன்று பங்குக்குள் அந்தப் பை விரிந்தாக வேண்டும். அதற்காகவே அந்த இடத்துத் தையல் பிரிந்து வழிவிடுகிற மாதிரி செய்திருப்பார்கள். அதன்மேல் ரெக்சினை இழுத்துப் போர்த்தினால் பை கிழித்துக்கொண்டு வரலாம்தான், ஆனால் தாமதமாகவோ கோணலாகவோ வந்து என்ன பயன்?

சரி, உங்கள் பிள்ளைகள் அழுக்காக்குவது எங்கே? முன்சீட்டின் முதுகையும் பின்சீட்டையும். ஏர்பேக் இருப்பதோ முன்சீட்டின் ஓரத்தில். அப்புறம் எதற்கு முன்சீட்டுக்கு முழு உறை?

முதுகுப் பக்கத்துக்கு, ஹெட்ரெஸ்ட்டில் மாட்டித் தொங்கவிடும் துடைக்கக்கூடிய விரிப்பு போதும், ஷூ தடம் ஈரத்துணியில் போய்விடும். அதன் பட்டை, துணிப்பட்டை தைத்த ஓரத்தைச் சுற்றிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சீட்டுக்கு அடியில் கட்டும்போது அங்குள்ள மஞ்சள் நிற ஒயர்களையும் கனெக்டரையும் இழுத்துவிடாதீர்கள், அவை பெரும்பாலும் ஏர்பேக்குடையவை. முன்சீட்டுக்கும் உறை வேண்டும் என்று அடம்பிடித்தால், அந்த ஓரம் முழுவதும் திறந்திருப்பதாக, உங்கள் கார் மாடலுக்கென்றே தைத்ததாக வாங்குங்கள். சில கார்களில் ஓட்டுநருக்குப் பக்கத்துச் சீட்டின் அடியில் எடையை உணரும் சென்சாரும் உண்டு. அதன்மேல் தடிமனான மெத்தை போட்டால், உட்கார்ந்திருப்பது பெரியவரா சிறியவரா என்ற கணக்கே தப்பலாம்.

பின்சீட்டில் விரிப்பு போடலாம், ஆனால் சில கார்களில் அங்கும் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கும், துணிப்பட்டையைத் தேடிப் பார்த்துவிடுங்கள். குழந்தை இருக்கைக்கு அடியில் மட்டும் மெத்தென்ற விரிப்பு கூடாது. இன்றைக்கு இறுக்கமாகத் தெரியும், மோதலின்போது ஸ்பாஞ்ச் அமுங்கி இருக்கை தளர்ந்துவிடும். மெல்லிய விரிப்புக்கும் இருக்கையின் கையேடு இடம் தருகிறதா என்று பாருங்கள். விரித்த பிறகு, பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து ஆட்டுங்கள், 2.5 சென்டிமீட்டருக்கு மேல் அசைந்தால் விரிப்பை எடுத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள்.

கேள்வி: சீட் பெல்ட்டிலும் ஜூஸ் கொட்டி பிசுபிசுக்கிறது. பிளீச் போட்டு ஊறவைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம், நூலிழை பலம் இழந்துவிடும். பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்து ஒரு கிளிப் போட்டு நிறுத்தி, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் மென்மையான சோப்பு கலந்து துணியால் துடையுங்கள், நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விடுங்கள். பக்கிளுக்குள் பிஸ்கட் தூள் போயிருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள், 'கிளிக்' சத்தம் சரியாகக் கேட்காததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.