அப்பாவுக்கு எல்ஆர்ஆர்கே2 என்ற மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தால் வந்த பார்க்கின்சன் என்கிறார்கள், ஆனால் மோப்பம் நன்றாக இருக்கிறது. மரபணுச் சோதனை தப்பா?

தப்பில்லை. மரபணுக் காரணம் தெரியாத பார்க்கின்சனில், கை நடுங்கத் தொடங்கும் முன்பே பெரும்பாலோருக்கு மோப்பம் மங்கிவிடும். ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதம் மூளையின் மோப்பக் குமிழில் ஆரம்பத்திலேயே படிகிறது. ஜிபிஏ1 என்ற மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்கும் இதே கதை, சிலருக்கு இன்னும் மோசம். பார்க்கின் மரபணுவால் இளவயதில் வரும் நோயில் மூக்கு பெரும்பாலும் தப்பிவிடும்; அந்தப் படிவு அவர்களிடம் அரிது.

எல்ஆர்ஆர்கே2 இரண்டுக்கும் நடுவில். 2023இல் வெளியான பெரிய ஆய்வில் தண்டுவட நீரில் தவறாக மடிந்த ஆல்ஃபா சைனுக்ளினைத் தேடினார்கள். மரபணுக் காரணம் தெரியாத, மோப்பம் குறைந்த நோயாளிகளில் 98.6 விழுக்காட்டினருக்கு அது தென்பட்டது. மோப்பம் கெடாத எல்ஆர்ஆர்கே2 நோயாளிகளிலோ 34.7 விழுக்காடுதான்.

எல்ஆர்ஆர்கே2இல் எந்த மாற்றம் என்றும் அறிக்கையில் பாருங்கள். ஜி2019எஸ் போன்றவை நோயை உண்டாக்கக்கூடியவை. சிங்கப்பூர்ச் சீனர்களிடம் காணப்படும் ஜி2385ஆர் ஆபத்தைக் கூட்டும், அவ்வளவே.

'நன்றாக இருக்கிறது' என்று யார் சொன்னது, அப்பாவேவா? மெல்ல மெல்லக் குறைந்தால் ஆளுக்கே தெரியாது. கோடாரித் தைலத்தை நீட்டிச் சோதிக்காதீர்கள். அதன் சுரீர் உணர்ச்சி வேறு நரம்பு வழியாக வருவது. மோப்பம் அறவே போனவரும் தலையை இழுப்பார். காப்பித்தூள், ஏலக்காய், மல்லிகைப்பூ எடுங்கள். கண்ணை மூடச் சொல்லி, மூக்கிலிருந்து 2 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் 30 விநாடி இடைவெளி விடுங்கள். 'ஏதோ வாசம்' என்றால் போதாது, பெயர் சொல்ல வேண்டும். சளி இருக்கும் நாளில் வேண்டாம்.

முறையான சோதனையில் 40 மணங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். கண்ணை மூடிக் குறித்தாலே பத்து கிடைத்துவிடும். ஆனால் அமெரிக்கத் தயாரிப்பில் பூசணிப் பை போன்றவை உண்டு. சிங்கப்பூர்த் தேக்காவில் வளர்ந்த பெரியவருக்கு அது என்ன தெரியும்? மதிப்பெண் குறைந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மோப்பம் குறைந்திருந்தால் பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மருந்து அதைத் திருப்பித் தராது. அப்போது சமையலறையில் எரிவாயு எச்சரிக்கைக் கருவி அவசியம். வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குழாய் எரிவாயு என்றால் கூரைக்கு அருகே மாட்டுங்கள், அது காற்றைவிட இலேசு. சிலிண்டர் என்றால் தரைக்கு அருகே.