சுருட்டப்பள்ளியில் சிவன் ஏன் படுத்திருக்கிறார்?

இந்த முறை சிவனைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். எல்லாமே நம் ஆந்திர எல்லைப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவை.

பள்ளிகொண்ட கோலம் என்றால் பெருமாள்தானே? சுருட்டப்பள்ளியில் சிவன் அம்பாள் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிறார். அதைப் பார்த்ததிலிருந்து என் பையன் "சாமிக்கு உடம்பு சரியில்லையா அம்மா?" என்று நச்சரிக்கிறான். என்ன சொல்வது?
- வாசகி, ஊத்துக்கோட்டை

ஆமாம் என்றே சொல்லுங்கள் அம்மா. உங்கள் பையன் சரியாகத்தான் பார்த்திருக்கிறான்.

பெருமாள் பாற்கடலில் படுத்திருப்பது யோக நித்திரை. உலகம் முழுவதையும் அறிந்தபடியே கொள்ளும் தூக்கம் அது. சுருட்டப்பள்ளியில் சிவன் படுத்திருப்பது விஷம் குடித்த அசதியில். மந்தர மலையை மத்தாகவும் வாசுகிப் பாம்பைக் கயிறாகவும் வைத்து தேவர்களும் அசுரர்களும் பாற்கடலைக் கடைந்தார்கள், எல்லோருக்கும் வேண்டியது அமுதம், ஆனால் முதலில் வந்தது ஆலகாலம். கடைந்தவர்கள் அத்தனை பேரும் ஓடினார்கள், ஓடிப்போய் நின்ற இடம் சிவன் காலடி. அமுதத்தில் பங்கு கேட்காதவர் விஷத்தை வாங்கிக் குடித்தார். அது வயிற்றுக்குள் போனால் உள்ளே இருக்கும் உயிர்கள் அழியும், வெளியே வந்தால் வெளியே உள்ள உயிர்கள் அழியும் என்று பார்வதி கழுத்தைப் பிடித்து நிறுத்தினாள். விஷம் அங்கேயே தங்கிவிட்டது.

கயிலைக்குத் திரும்பும் வழியில் களைப்பு வந்து இங்கே சாய்ந்தார் என்பது தலபுராணம். சன்னிதியில் நின்று பார்த்தால் பிரம்மா, விஷ்ணு முதல் முனிவர்கள் வரை சுற்றி நிற்பார்கள், உடம்பு முடியாதவர் வீட்டில் சொந்தபந்தம் கூடி நிற்பது போலவே இருக்கும். ஒரு பிரதோஷக் கூட்டத்தில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் தோளில் இருந்த பேத்தியிடம் "சாமி படுகுன்னாரு, அரவகூடாது" என்று தெலுங்கும் தமிழும் கலந்து சொன்னார், சாமி படுத்திருக்கிறார், கத்தக் கூடாது என்று. அந்தக் குழந்தையும் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டது. இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

அந்தக் கறுத்த கழுத்து இன்று நேற்று வந்த கதை இல்லை. புறநானூற்றின் முதல் பாட்டே சிவனின் கறைமிடற்றை அவருக்கு அணி என்று சொல்கிறது. பிரதோஷ வழிபாடும் இந்த நஞ்சுண்ட கதையை ஒட்டி வந்ததுதான், அதனால் திரயோதசி மாலையில் சுருட்டப்பள்ளியில் நெரிசல் தாங்காது, அதிலும் சனிப் பிரதோஷம் என்றால் கேட்கவே வேண்டாம். பையனை நிதானமாகப் பார்க்கவிட வேண்டுமானால் சாதாரண நாளில் கூட்டிப் போங்கள்.

படைப்பது பிரம்மா, காப்பது விஷ்ணு, அழிப்பது சிவன் என்றுதான் பள்ளியில் படித்தோம். அழிக்கிற சாமி என்பதால் நடராஜர் படம் வீட்டில் இருக்கக் கூடாது என்கிறார் என் அத்தை. சரியா?
- வாசகர், நகரி

தாராளமாக வைக்கலாம். அத்தை மனம் நோகாமல் எடுத்துச் சொல்லுங்கள்.

அழிப்பவர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எனக்கு எப்போதுமே வருத்தம் தரும் விஷயம். சைவ சித்தாந்தம் சிவனுக்கு ஐந்து தொழில் சொல்கிறது. ஐந்தும் அந்த நடராஜர் படத்திலேயே இருக்கின்றன. உடுக்கை பிடித்த கை படைக்கிறது, அபயம் காட்டும் கை காக்கிறது, நெருப்பு ஏந்திய கை அழிக்கிறது, முயலகன் மேல் ஊன்றிய கால் மறைக்கிறது, தூக்கிய கால் அருள்கிறது. ஐந்தில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பயப்படுவானேன்?

அப்புறம், அவர் மேல் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பாருங்கள். தலையில் பிறை. தட்சன் தன் இருபத்தேழு பெண்களைச் சந்திரனுக்குக் கட்டிக்கொடுத்தான், சந்திரன் ரோகிணி வீடே கதி என்று கிடந்தான், மாமனார் சாபத்தில் தேய்ந்து தேய்ந்து கடைசிக் கீற்றாக வந்து நின்றவனைத்தான் சிவன் எடுத்துத் தலையில் வைத்தார். தப்பு சந்திரன் மேல்தான், ஆனாலும் இடம் கொடுத்தார். கழுத்தில் எல்லோரும் அடிக்க ஓடும் பாம்பு. உடம்பில் சுடுகாட்டுச் சாம்பல். பின்னால் வருவது பூதகணம். மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கியது எதுவோ அதெல்லாம் அவரிடம் வந்து நகையாக மாறியிருக்கிறது. இவ்வளவு பேரைச் சேர்த்துக்கொள்கிற சாமியை அழிக்கிற சாமி என்று மட்டும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மன்மதனை எரித்தாரே என்று கேட்பீர்கள். எரித்தார், ஆனால் ரதி அழுதபோது அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி அவனைத் திருப்பியும் கொடுத்தார்.

காளஹஸ்தியில் ராகு கேது பூஜை முடித்தால் வேறு எங்கும் போகாமல் நேரே வீட்டுக்கு வர வேண்டுமாமே?
- வாசகி, புத்தூர்

அப்படி ஒரு நம்பிக்கை இருக்கிறது, அதில் நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் பூஜை டிக்கெட், வரிசை, பிரசாதப் பை என்று ஓடி, மூலவரைச் சரியாகப் பார்க்காமலே திரும்புகிறவர்கள் அதிகம். பஞ்சபூதத் தலங்களில் இது வாயு. கருவறையில் காற்று புக வழியில்லாத இடத்தில் ஒரு விளக்கின் சுடர் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு நிமிடம் அதைப் பாருங்கள்.

முடிந்தால் பூஜைக்கு முன்பே கண்ணப்பர் மலைக்கும் ஏறிவிடுங்கள். கண்ணப்பராக ஆகும் முன் அவர் திண்ணன், வேட்டைக்காரன், மந்திரம் தெரியாது. பன்றி இறைச்சியைக் கடித்து, ருசி பார்த்து, நல்லதை மட்டும் படைத்தான். வாயில் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்து உமிழ்ந்து அபிஷேகம் செய்தான். தலையில் செருகியிருந்த பூதான் அர்ச்சனை. இதைப் பார்த்துப் பதறிய அங்கே பூஜை செய்துவந்த சிவகோசரியாருக்கு அவன் அன்பைக் காட்டத்தான் சிவன் கண்ணில் ரத்தம் வடித்தார். திண்ணன் தன் கண்ணைப் பிடுங்கி அப்பினான், ரத்தம் நின்றது, மறு கண்ணில் வடிந்தது. இரண்டாவது கண்ணையும் எடுத்தால் இடம் தெரியாதே என்று அடையாளத்துக்குச் சாமியின் கண் மேல் செருப்புக் காலை வைத்தான். நில் கண்ணப்ப என்று தடுத்த கை சிவனுடையது. ஆசாரக் குறைவு என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பரிகாரத்தில் ஏதாவது தப்பாகிவிட்டதோ என்று பயந்து எனக்கு எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கதையை ஒருமுறை படியுங்கள்.

குடிமல்லத்தில் லிங்கத்தின் முன்பக்கம் நிற்கும் உருவம் சிவன்தானா? வேடன் மாதிரி இருக்கிறதே?
- கல்லூரி மாணவர், சித்தூர்

சிவன்தான் தம்பி. ஏறத்தாழ ஐந்தடி உயர லிங்கம், அதை ஒட்டிச் செதுக்கிய உருவம், ஒரு கையில் ஆடு, இன்னொரு கையில் சிறு கலயம், தோளில் மழு, காலுக்குக் கீழே குந்தியிருக்கும் குள்ளன். பூணூல் இல்லை. கி.மு. 2 அல்லது 1ஆம் நூற்றாண்டு என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள், காலம் பற்றிக் கருத்து வேறுபாடும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் நமக்குக் கிடைத்த மிகப் பழைய லிங்கங்களில் ஒன்று. நம் பக்கத்தில் சிவன் முதலில் காட்டுக்காரராகவே கல்லில் நின்றார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஊர் ஏர்ப்பேடு மண்டலத்தில் இருக்கிறது, காளஹஸ்தியிலிருந்து திருப்பதிக்குப் போகும்போது கொஞ்சம் விலகினால் பார்த்துவிடலாம். தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள கோயில், கூட்டம் இருக்காது. கருவறைத் தரை தாழ்வாக இருப்பதால் குள்ளனின் முகம் தெரிய நன்றாகக் குனிந்து பார்க்க வேண்டும்.