கட்டணம் ஏறினாலும் செல்லும் ஸ்டாம்ப்

அமெரிக்க அஞ்சல் துறையின் 'ஃபாரெவர்' ஸ்டாம்ப் பற்றி வாசகர்கள் கேட்டவை.

கே: 2012-இல் 45 சென்ட் விலையில் வாங்கிய ஃபாரெவர் ஸ்டாம்ப் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இப்போது கடிதத்துக்கு 78 சென்ட். மீதி 33 சென்ட்டுக்குத் தனியாக ஒட்ட வேண்டுமா?

ப: வேண்டாம். நீங்கள் கொடுத்த விலை கணக்கிலேயே வராது. தபாலில் சேர்க்கும் நாளில், உள்நாட்டுக்குள் ஒரு அவுன்ஸ் (சுமார் 28 கிராம்) கடிதத்துக்கு என்ன கட்டணமோ அதுதான் அந்த ஸ்டாம்பின் மதிப்பு. 2025 ஜூலை 13 முதல் அது 78 சென்ட். 2007 ஏப்ரலில் 41 சென்ட்டுக்கு விற்பனைக்கு வந்த, சுதந்திர மணி படம் போட்ட முதல் ஃபாரெவர் ஸ்டாம்பும் இன்று 78 சென்ட்டுக்குச் செல்லும். காலாவதி தேதி கிடையாது. ஆனால் திருப்பிக் கொடுத்துக் காசாக்க முடியாது என்பதால், விலை ஏறப்போகிறது என்று கட்டுக்கட்டாக வாங்கி அடுக்க வேண்டாம். ஓரிரு வருடத்தில் தீரும் அளவு போதும்.

பழைய ஸ்டாம்பில் பசை பிடிக்காவிட்டால் பின்புறம் கோந்து தடவி ஒட்டுங்கள். மேலே செலோ டேப் ஒட்டவே கூடாது. முத்திரை மை பதியாதபடி மூடிய ஸ்டாம்ப் செல்லாது.

கே: என்னிடம் தொப்பி படத்துடன் 'எச்' என்று அச்சிட்ட ஸ்டாம்ப் இருக்கிறது. விலை எதுவும் போடவில்லை. இதுவும் ஃபாரெவர்தானே?

ப: இல்லை. பலர் ஏமாறுவது இங்கேதான். புதுக் கட்டணம் முடிவாகும் முன்பே அச்சடிக்க வேண்டியிருந்ததால், 1978 முதல் 'ஏ' தொடங்கி 'எச்' வரை எழுத்து மட்டும் போட்டு வெளியிட்டார்கள். அவற்றின் மதிப்பு அன்றைய விலையிலேயே நின்றுவிட்டது. 1991-இன் 'எஃப்' 29 சென்ட், 1998-இன் 'எச்' 33 சென்ட். உங்கள் 'எச்' ஸ்டாம்புடன் இன்னும் 45 சென்ட் ஒட்டினால்தான் கடிதம் போகும். 'ஃபர்ஸ்ட் கிளாஸ்' என்று மட்டும் போட்ட பழைய ஸ்டாம்புகளும் அப்படியே. 'ஃபாரெவர்' என்ற சொல் அச்சில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கே: கல்யாணப் பத்திரிகை சதுர உறையில் இருக்கிறது, எடை இரண்டு அவுன்ஸ். எத்தனை ஸ்டாம்ப்?

ப: சரியாக இரண்டு. 78 சென்ட்டுடன் இரண்டாவது அவுன்ஸுக்கு 29 சென்ட். சதுர உறையை இயந்திரத்தால் வகைபிரிக்க முடியாது, அதற்குக் கூடுதலாக 49 சென்ட். மொத்தம் 1.56 டாலர். உறையின் நீளத்தை உயரத்தால் வகுத்துப் பாருங்கள், 1.3-க்குக் குறைந்தாலும் 2.5-க்கு மிஞ்சினாலும் இந்தக் கூடுதல் கட்டணம் உண்டு. நாடா, பொத்தான், கொக்கி வைத்த உறைக்கும் உண்டு.

அதே இரண்டு அவுன்ஸ் சாதாரண நீள உறையில் என்றால் 1.07 டாலர்தான். அதற்கு இரண்டு ஃபாரெவர் ஒட்டினால் 49 சென்ட் வீண். ஒரு ஃபாரெவருடன் கூடுதல் அவுன்ஸுக்கென்று விற்கும் ஸ்டாம்ப் ஒன்றை ஒட்டுங்கள். எல்லா உறையையும் ஒரே கனம் என்று எண்ணாமல், பத்திரிகை, உள் அட்டை எல்லாம் வைத்து மூடிய ஒன்றை முதலில் நிறுத்துப் பாருங்கள்.

கே: இந்தியாவுக்கு அனுப்ப இது செல்லுமா?

ப: செல்லும், ஆனால் ஒன்று போதாது. வெளிநாட்டுக்கு ஒரு அவுன்ஸ் கடிதம் 1.70 டாலர். இரண்டு ஃபாரெவர் ஒட்டினால் 14 சென்ட் குறையும். அதை விலை போட்ட சில்லறை ஸ்டாம்பால் நிரப்பலாம். அடிக்கடி எழுதுபவர் வட்ட வடிவ 'குளோபல் ஃபாரெவர்' வாங்கிக்கொள்வது நல்லது. வெளிநாட்டுக் கட்டணம் ஏறினாலும் அது ஒன்றே போதும்.

கே: இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே, வாங்கலாமா?

ப: வாங்காதீர்கள். அவ்வளவு தள்ளுபடியில் வருபவை பெரும்பாலும் போலி. போலி ஸ்டாம்ப் ஒட்டிய தபாலைக் கைவிடப்பட்டதாகக் கருதி, பிரித்துப் பார்த்து அப்புறப்படுத்தும் அதிகாரம் அஞ்சல் துறைக்கு உண்டு. உங்களுக்கு அது திரும்பி வராது.