சிக்னல் இல்லாத இடத்தில் பால் கணக்கைப் போனிலேயே பதிய என்ன வழி?

முத்தையன்கட்டுப் பக்கம் சிக்னல் விட்டு விட்டுத்தான் வருகிறது, வீடு வீடாக எடுக்கும் பால் கணக்குத் தொலையாமல் செயலி எழுதவேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எஸ்கியூலைட் (SQLite) என்ற சிறிய தரவுத்தளம் போதும். 2000இல் ரிச்சர்ட் ஹிப் உருவாக்கியது. அது ஓடத் தனிச் சேர்வர் தேவையில்லை. முழுத் தரவுத்தளமும் போனுக்குள் ஒரே கோப்பு. அன்ட்ரொய்டிலேயே இருக்கிறது. செயலியைக் கொட்லின் மொழியில் எழுதினால், எஸ்கியூலைட்டைக் கையாள உதவும் ரூம் (Room) நூலகத்தோடு பாவியுங்கள்.

கவனம் வேண்டியது பதிவு எண்ணில். இரண்டு பேர் இரண்டு போனில் பதிந்து, இரண்டிலும் 1, 2, 3 என்று தானாக ஏறினால், பின்னேரம் பால் சங்கத்துக் கணினியில் சேர்க்கும்போது ஒருவருடைய பால் இன்னொருவர் கணக்கில் விழும். பாவம், அந்த லீற்றர்க் காசை நம்பித்தான் வீடு ஓடுகிறது. அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் யூயூஐடி (UUID), அதாவது வேறு பதிவோடு மோதாத நீண்ட அடையாள எண், கொடுங்கள். ஒரே பதிவு இரண்டு தரம் போனாலும் சங்கத்துச் சேர்வர் கண்டுபிடித்துவிடும். கூடவே அட்டவணையில் ‘அனுப்பியது’ என்றொரு நிரல் (column): பதியும்போது 0, சேர்வர் ‘கிடைத்தது’ என்று பதில் தந்த பிறகே 1. அனுப்பிய கையோடு 1 ஆக்கினால், நடுவில் இணைப்பு அறுந்த பதிவு தொலைந்ததுதான்.

பிறகு ‘கொழுப்பு’ நிரல் சேர்க்கும்போது மைக்ரேஷன், அதாவது பழைய தரவை வைத்துக்கொண்டே அட்டவணையை மாற்றும் படி, எழுதுங்கள். ரூமில் பழைய அட்டவணையை அழித்துப் புதிதாக்கும் தெரிவை நான் ஒருமுறை விட்டுவைத்து, இரண்டு நாள் கணக்கு அழிந்தது. மைக்ரேஷனுக்கு வேண்டிய ஆல்டர் டேபிள் (ALTER TABLE) கட்டளை ஒரு வரிதான்.