எண்டோமெட்ரியோசிஸ் நோயில் இரும்புச்சத்து மிகுதிக்கு என்ன பங்கு?

கருப்பையின் உட்சவ்வை ஒத்த திசு சினைப்பை, இடுப்புக்குழி போன்ற வெளியிடங்களில் வளர்வதே எண்டோமெட்ரியோசிஸ். மாதவிடாய் இரத்தத்தில் ஒரு பகுதி கருக்குழாய் வழியே பின்னோக்கி வயிற்றுக்குள் செல்வது பெரும்பாலான பெண்களுக்கு நேர்வதுதான். ஆனால் அங்கே சிவப்பணுக்கள் சிதைந்து வெளிவரும் இரும்பை, துப்புரவு செய்யும் வெள்ளணுக்களால் முழுவதும் அகற்ற முடியாதபோது, அது ஆக்சிஜனின் வீரியமிக்க வடிவங்களை உருவாக்கி, அழற்சியையும் உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் தழும்புகளையும் தூண்டக்கூடும். பெசன்ட் நகர்க் கடற்காற்றில் துருவேறும் கம்பி, தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டையே வெடிக்கச் செய்வதைப் போன்றது இது. சாக்லேட் கட்டி எனப்படும் சினைப்பைக் கட்டியின் திரவத்தில் இரும்பு மிகுந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. அது காரணமா, விளைவா என்பது இன்னும் ஆய்வில் உள்ளது (இரண்டுமாக இருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது). முருங்கைக்கீரை உண்பதால் இந்நோய் வருவதில்லை. இரும்பு மிகுவது அந்த இடத்தில் மட்டுமே என்பதாலும், அதிக உதிரப்போக்கால் பலருக்கு இரத்தசோகையே இருக்கும் என்பதாலும், மருத்துவர் தந்த இரும்பு மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது.